காருக்கு ஏற்ற எண்ணெய் வடிகட்டி: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காருக்கு எண்ணெய் மாற்றப் போகும்போது பட்டறையில் பேச்செல்லாம் எண்ணெயைப் பற்றியதாகவே இருக்கும். எந்த நிறுவனத்து எண்ணெய், செமி சிந்தெடிக்கா ஃபுல்லி சிந்தெடிக்கா, நான்கு லிட்டர் டின் என்ன விலை என்று பலவற்றைக் கேட்கும் வாகனமோட்டிகள், அதோடு சேர்த்து மாற்றப்படும் ஒரு சிறிய தகர டப்பாவைப் பற்றி ஏதும் கேட்பதில்லை. மெக்கானிக் எதை எடுத்து மாட்டுகிறாரோ அதுதான். சிலர் ஒரு படி மேலே போய், "போன தடவைதான் மாத்தினோம் தம்பி, இந்தத் தடவை ஃபில்டர் வேண்டாம்" என்று பத்து, பதினைந்து ரிங்கிட்டை மிச்சப்படுத்தியும் விடுகிறார்கள்.

அந்தத் தகர டப்பாதான் எண்ணெய் வடிகட்டி. பட்டறைகளில் 'ஆயில் ஃபில்டர்' என்றும் மலாய் மொழியில் 'பெனாப்பிஸ் மின்யாக்' என்றும் சொல்லப்படுகிறது. உள்நாட்டுக் கார்கள் பெரும்பாலானவற்றுக்கு இதன் விலை 30 ரிங்கிட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் தவறான வடிகட்டியோ போலி வடிகட்டியோ இயந்திரத்தைக் கெடுத்தால், அதைப் பிரித்து 'ஓவர்ஹால்' செய்யும் செலவு ஆயிரக்கணக்கான ரிங்கிட்டைத் தொடும். பேருந்து வராத தோட்டத்தில் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஒரே பழைய கார்தான் என்று இருக்கும் குடும்பத்திற்கு, அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேற்பட்ட இழப்பாக முடியலாம்.

எண்ணெய் வடிகட்டி எப்படி வேலை செய்கிறது, தங்கள் காருக்கு உரியதை எப்படிக் கண்டுபிடிப்பது, பட்டறையில் என்ன கேட்பது ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

வடிகட்டி என்ன செய்கிறது?

இயந்திரத்தின் அடியில் உள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை பம்பு உறிஞ்சி எடுக்கிறது. அந்த எண்ணெய் முதலில் வடிகட்டிக்குள் சென்று, அதன் பிறகே கிராங்க் தண்டு, கேம் தண்டு, பிஸ்டன் ஆகிய பாகங்களுக்குப் போகிறது. இந்தப் பாகங்களுக்கும் அவற்றைத் தாங்கும் 'பேரிங்'குகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த நூலிழை இடைவெளியில் எண்ணெய்ப் படலம் இருப்பதால்தான் உலோகமும் உலோகமும் உரசாமல் சுழல்கின்றன.

இயந்திரம் ஓடும்போது மிக நுண்ணிய உலோகத் துகள்கள், எரிபொருள் எரிந்த கரி, காற்று வழியாக நுழையும் தூசி ஆகியவை எண்ணெயில் சேரும். இத்துகள்களை மைக்ரான் என்ற அளவில் குறிப்பிடுவர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். பேரிங்குகளை அரிக்கும் துகள்கள் அதைவிடச் சிறியவை, கண்ணுக்குத் தெரியாதவை. மணல் தாள் போல அவை உலோகத்தைத் தேய்க்கும். அவற்றைப் பிடித்து வைப்பதே வடிகட்டியின் வேலை.

தொடக்க காலக் கார்களில் எண்ணெய் வடிகட்டியே கிடையாது. அமெரிக்காவில் 1920-களில்தான் அது கார்களுக்கு வந்தது. இன்று நாம் காணும், கையால் திருகிக் கழற்றும் தகர டப்பா வடிவம் 1950-களில் அறிமுகமாகியது.

டப்பாவின் உள்ளே

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா வடிகட்டிகளும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு உள்ளே இருக்கிறது. அங்கே ஐந்து பாகங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மடிப்பு மடிப்பாக வைக்கப்பட்ட வடிகட்டும் தாள். சாதாரண வடிகட்டிகளில் இது பிசின் பூசிய காகிதமாக இருக்கும். விலை கூடியவற்றில் காகிதத்தோடு செயற்கை இழையும் கலந்திருக்கும், அல்லது முழுவதும் செயற்கை இழையாகவே இருக்கும். மடிப்புகள் நெருக்கமாகவும் சீராகவும் இருந்தால் அழுக்கைப் பிடிக்கும் பரப்பு கூடும்.

இரண்டாவது, எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு. காரை நிறுத்திய பிறகு வடிகட்டியில் உள்ள எண்ணெய் கீழே தொட்டிக்கு இறங்கிவிடாமல் இது பிடித்து வைக்கும். இந்த ரப்பர் தரமற்றதாக இருந்தால், இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் முடுக்கும்போது வடிகட்டி காலியாக இருக்கும். எண்ணெய் மேலே வந்து சேரும் வரை சில விநாடிகள் இயந்திரம் எண்ணெயின்றி ஓடும். காலையில் முடுக்கியவுடன் 'கடகட'வென ஒரு சத்தம் கேட்டு அடங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். வடிகட்டி படுத்த நிலையிலோ தலைகீழாகவோ பொருத்தப்படும் இயந்திரங்களில் இந்த வால்வு மிகவும் முக்கியம். பொதுவாகக் கறுப்பு நிறத்தில் இருப்பது நைட்ரைல் ரப்பர். செம்மஞ்சள் அல்லது சிவப்பு நிறத்தில் வருவது பெரும்பாலும் சிலிகோன். சிலிகோன் வெப்பத்தை நீண்ட நாள் தாங்கும்.

மூன்றாவது, 'பைபாஸ்' எனப்படும் மாற்றுவழி வால்வு. தாள் அழுக்கால் அடைபட்டாலோ எண்ணெய் மிகக் கெட்டியாக இருந்தாலோ இது திறந்து, வடிகட்டாத எண்ணெயை இயந்திரத்துக்கு அனுப்பும். எண்ணெயே கிடைக்காமல் போவதைவிட அழுக்கு எண்ணெய் கிடைப்பது மேல் என்பதுதான் இதற்கான காரணம். எந்த அழுத்தத்தில் இது திறக்க வேண்டும் என்பதை இயந்திரத்தைத் தயாரித்தவரே முடிவு செய்கிறார். சில இயந்திரங்களில் இந்த வால்வு வடிகட்டியில் இல்லாமல் இயந்திரத்திலேயே இருக்கும். உருவம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக வேறு காரின் வடிகட்டியை மாட்டக்கூடாது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நான்காவது, அடித்தட்டும் அதன் நடுவிலுள்ள திருகு மரையும். அடித்தட்டின் விளிம்பைச் சுற்றியுள்ள சிறு துளைகள் வழியாக எண்ணெய் உள்ளே போகும். தாளைக் கடந்து, நடுத்துளை வழியாக வெளியே வரும்.

ஐந்தாவது, அடித்தட்டின் மேலுள்ள வட்ட ரப்பர் வளையம். கசிவைத் தடுப்பது இதுதான்.

தகர டப்பாவா, காகித உருளையா?

கார்களில் இரு வகை வடிகட்டிகள் பயன்பாட்டில் உள்ளன. முதல் வகை, முழுதாகத் திருகிக் கழற்றி வீசும் தகர டப்பா. நாட்டில் ஓடும் புரோட்டோன், பெரோடுவா கார்களில் அதிகம் காணப்படுவது இதுதான்.

இரண்டாவது வகையில், காகித உருளை மட்டும் தனியாக வரும். அதன் கூடு இயந்திரத்தோடு இருக்கும். மூடியைக் கழற்றி, பழைய உருளையை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் போன்ற ஐரோப்பியக் கார்களிலும் டொயோட்டாவின் சில இயந்திரங்களிலும் இவ்வகை உள்ளது. இதை வாங்கும்போது பெட்டிக்குள் மூடிக்கான ரப்பர் வளையமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த வளையத்தையும் மாற்ற வேண்டும். பழைய வளையத்தையே மீண்டும் போட்டால் கசிவு ஏற்படலாம். மூடி பிளாஸ்டிக்கால் ஆனது என்றால் அதை அளவுக்கு மீறி இறுக்கினால் வெடித்துவிடும்.

காரின் பெயர் மட்டும் போதாது

ஸ்பேர்பார்ட் கடைக்குச் சென்று "மைவிக்கு ஒரு ஃபில்டர்" என்று கேட்பது வழக்கம். ஆனால் மைவி என்ற பெயரில் 2005-லிருந்து பல தலைமுறைக் கார்கள் வந்துவிட்டன. 2005-இல் வந்த மைவியில் 1.0, 1.3 இயந்திரங்கள் இருந்தன. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் 1.5 இயந்திரம் சேர்ந்தது. 2017 இறுதியில் வந்த மூன்றாம் தலைமுறையில் 1.3, 1.5 இரண்டுமே புதிய வகை இயந்திரங்கள்.

சாகாவும் அப்படித்தான். 1985-இல் வெளிவந்த முதல் சாகாவில் இருந்தது மிட்சுபிஷி இயந்திரம். 2008-இல் வந்த சாகாவில் இருப்பது புரோட்டோனின் சொந்தத் தயாரிப்பான கேம்ப்ரோ இயந்திரம். பெயர் ஒன்று, இயந்திரம் வேறு. ஆகவே வடிகட்டி வாங்கும்போது காரின் பெயரோடு தயாரிக்கப்பட்ட ஆண்டு, இயந்திரத்தின் கொள்ளளவு, இயந்திர எண் ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். இந்த விவரங்கள் வாகனத்தின் 'கிராண்ட்' எனப்படும் உரிமைச் சான்றிதழில் இருக்கும். அதைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்வது எளிய வழி.

இதைவிடவும் உறுதியான வழி, காரின் கையேட்டில் உள்ள உபரிபாக எண்ணைப் பார்ப்பது. அல்லது அதிகாரத்துவ சேவை மையத்தில் கேட்டு அந்த எண்ணைக் குறித்துக்கொள்வது. மாற்று நிறுவனங்களும் தங்கள் வடிகட்டி எந்தெந்தக் காருக்குப் பொருந்தும் என்ற பட்டியலை வெளியிடுகின்றன. பெட்டியில் உள்ள எண்ணை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கழற்றிய பழைய வடிகட்டியைக் கொண்டுபோய் 'இதே மாதிரி கொடுங்கள்' என்று வாங்குவதிலும் ஓர் ஆபத்து உண்டு. காரைப் பழைய நிலையில் வாங்கியிருந்தால், முந்தைய உரிமையாளர் மாட்டியதே தவறான வடிகட்டியாக இருக்கலாம்.

மரையில் மறைந்திருக்கும் ஆபத்து

வடிகட்டித் தேர்வில் பலரும் அறியாத ஆபத்து திருகு மரையில் உள்ளது. ஆசியக் கார்களின் தகர டப்பா வடிகட்டிகளில் இரண்டு மரை அளவுகள் அதிகம் காணப்படுகின்றன. ஒன்று, 20 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் கொண்டது. ஹோண்டா, மிட்சுபிஷி நிறுவனங்களின் பல இயந்திரங்களில் இந்த அளவு உள்ளது. மற்றொன்று, முக்கால் அங்குல விட்டமும் ஓர் அங்குலத்திற்கு 16 மரைகளும் கொண்டது. டொயோட்டாவின் பல இயந்திரங்களில் இது உள்ளது.

முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். ஆக, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முக்கால் அங்குல வடிகட்டியை 20 மில்லிமீட்டர் தண்டில் ஏற்ற முடியாது, முதலிலேயே பிடிக்காது. ஆனால் 20 மில்லிமீட்டர் வடிகட்டியை முக்கால் அங்குலத் தண்டில் ஏற்றினால், கொஞ்சம் தளர்வாக ஏறும். ரப்பர் வளையம் தட்டில் பட்டதும் இறுகியது போலவும் தோன்றும். உண்மையில் மரைகளின் நுனி மட்டுமே ஒன்றையொன்று பிடித்திருக்கும். இயந்திரம் முடுக்கப்பட்டு எண்ணெய் அழுத்தம் ஏறும்போதோ, ஓட்டத்தின் அதிர்விலோ அது நழுவலாம். அப்படி நழுவினால் இயந்திரத்திலுள்ள மொத்த எண்ணெயும் சற்று நேரத்தில் சாலையில் கொட்டிவிடும்.

எனவே புதிய வடிகட்டியைத் திருகும்போது அது ஆடாமல், கையாலேயே சீராக ஏற வேண்டும். ஆட்டம் இருந்தாலோ பாதியில் முரண்டினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு, எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரையில் இன்னொன்றும் உண்டு. 'பெரிய ஃபில்டர் போட்டால் நல்லது' என்று சிலர் நீளமான வடிகட்டியைத் தேடுகின்றனர். அது அடிப்பகுதியில் துருத்திக்கொண்டு, தோட்டப் பாதையில் கல்லில் அடிபட்டு உடையலாம். அதன் மாற்றுவழி வால்வு வேறு அழுத்தத்தில் திறக்கலாம். காருக்கென்று குறிக்கப்பட்ட அளவே போதும்.

மேலும், எண்ணெய் வடிகட்டியும் டீசல் வடிகட்டியும் வெவ்வேறு. பிக்கப், லோரி போன்ற டீசல் வாகனங்களின் எரிபொருள் வடிகட்டி பார்ப்பதற்கு எண்ணெய் வடிகட்டி போலவே இருக்கும். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் பயன்படுத்தக்கூடாது.

அசலா, மாற்றுத் தயாரிப்பா?

கடையில் பொதுவாக மூன்று வகை கிடைக்கும். கார் நிறுவனத்தின் பெயரும் எண்ணும் பொறித்த அசல் வடிகட்டி. கார் நிறுவனங்களுக்கே செய்து கொடுக்கும் தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது. மற்ற நிறுவனங்களின் மாற்றுத் தயாரிப்பு.

உத்தரவாதக் காலத்தில் உள்ள காருக்கு அசல் வடிகட்டியைப் பயன்படுத்தி, அதிகாரத்துவ சேவை மையத்தில் மாற்றுவதே பாதுகாப்பானது. பின்னர் இயந்திரத்தில் கோளாறு வந்தால், சேவைப் புத்தகத்தில் உள்ள பதிவுதான் சான்றாக நிற்கும்.

உத்தரவாதம் முடிந்த காருக்கு மாற்றுத் தயாரிப்பு வாங்குவதில் தவறில்லை. ஜெர்மனியின் மான், மாலே, போஷ், ஜப்பானின் டென்சோ, இந்தோனேசியாவில் தயாராகும் சகுரா போன்ற பெயர்பெற்ற வடிகட்டிகள் இங்கு கிடைக்கின்றன. அவற்றிலும் அந்தக் காருக்கென்று குறிக்கப்பட்ட எண்ணைத்தான் வாங்க வேண்டும்.

பெட்டியில் வடிகட்டும் திறனைக் குறிப்பிட்டிருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: எத்தனை மைக்ரான் அளவுத் துகள், அதில் எத்தனை விழுக்காடு. '99 விழுக்காடு' என்று மட்டும் போட்டிருந்தால் அதற்குப் பொருளில்லை. எந்த அளவுத் துகளில் 99 விழுக்காடு என்பதே கேள்வி. 20 மைக்ரான் துகளில் 99 விழுக்காட்டைப் பிடிப்பதும், 40 மைக்ரான் துகளில் 99 விழுக்காட்டைப் பிடிப்பதும் ஒன்றல்ல. இத்திறனைச் சோதிப்பதற்கென்று ஐஎஸ்ஓ 4548-12 என்ற அனைத்துலகத் தரமுறை உள்ளது. அந்த எண்ணைக் குறிப்பிட்டுத் திறனையும் தெரிவிக்கும் நிறுவனத்தின் கூற்றை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

டர்போ பொருத்திய கார் வைத்திருப்போர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். புரோட்டோன் எக்ஸ்50, எக்ஸ்70, பெரோடுவா அத்திவா ஆகியவை டர்போ இயந்திரம் கொண்டவை. டர்போவின் தண்டு நிமிடத்திற்கு 100,000 சுற்றுகளுக்கும் மேலாகச் சுழலக்கூடியது. அந்த வேகத்தில் அதைத் தாங்கி நிற்பது எண்ணெய்ப் படலம்தான்.

போலியைக் கண்டறிவது எப்படி?

போலி வடிகட்டியின் வெளித்தோற்றம் அசலைப் போலவே இருக்கும். உள்ளே தாள் குறைவாக இருக்கலாம், பசை சரியாக ஒட்டாமல் இருக்கலாம், வால்வு பெயருக்கு மட்டும் இருக்கலாம். அதைப் பிரிக்காமல் முழுதாகக் கண்டுபிடிக்க முடியாது. என்றாலும் சில அறிகுறிகளை வைத்து ஐயம் கொள்ளலாம்.

• பெட்டியில் எழுத்துகள் மங்கலாகவோ பிழையாகவோ இருப்பது, நிறம் வெளிறியிருப்பது.

• பெட்டியில் உள்ள எண்ணும் டப்பாவில் உள்ள எண்ணும் மாறுபடுவது, அல்லது டப்பாவில் எண்ணே இல்லாதது.

• அடித்தட்டில் துரு, கூர்மையான பிசிறு, உலோகத் தூள். மரை சொரசொரப்பாக இருப்பது.

• ரப்பர் வளையம் கடினமாகவோ, பள்ளத்தில் சரியாக உட்காராமலோ இருப்பது.

• நடுத்துளை வழியாகப் பார்க்கும்போது உட்குழாய் கோணலாகத் தெரிவது.

• கையில் எடுத்தால், அதே எண் கொண்ட அசலைவிட எடை குறைவாகத் தெரிவது.

• சேவை மைய விலையில் பாதிக்கும் குறைவாக 'அசல்' என்று விற்கப்படுவது.

இணைய விற்பனைத் தளங்களில் வாங்குவோர் நிறுவனத்தின் அதிகாரத்துவ விற்பனைப் பக்கத்தில் வாங்குவது நல்லது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பத்து வடிகட்டிகளை மொத்தமாக வாங்கி வைப்பதில், போலியென்று தெரியவரும்போது திருப்பிக் கொடுக்கும் காலமும் கடந்திருக்கும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

மெக்கானிக் நெடுநாள் பழகியவராக இருக்கலாம். கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கமும் இருக்கலாம். ஆனால் நல்ல மெக்கானிக் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். "அண்ணே, மாட்டுறதுக்கு முன்னாடி பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்க" என்றால் போதும். மலாய் பேசும் பட்டறையில் "போலே தெங்கோக் கோத்தாக் பெனாப்பிஸ்?" என்று கேட்கலாம்.

பெட்டியைப் பார்த்து, எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். கழற்றிய பழைய வடிகட்டியைக் காட்டச் சொல்ல வேண்டும். எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு வடிகட்டிக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கும் முறைகேட்டை இது தடுக்கும். ரசீதில் எண்ணெயின் பெயர், வடிகட்டியின் பெயரும் எண்ணும், ஓடிய கிலோமீட்டர், தேதி ஆகிய நான்கும் எழுதப்பட வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

சொந்தமாக மாற்றுவோரும், பட்டறையில் நின்று பார்ப்போரும் இந்த வரிசையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

1. பழைய வடிகட்டியைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சில நேரங்களில் அது இயந்திரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் புதிய வடிகட்டியை மாட்டினால் இரண்டு வளையம் ஆகிவிடும். அழுத்தம் ஏறியதும் அது பிதுங்கி, எண்ணெய் பீறிட்டு வெளியேறும்.

2. வடிகட்டி உட்காரும் இடத்தைச் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும்.

3. புதிய ரப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் புதிய எண்ணெய் தடவ வேண்டும். காய்ந்த ரப்பர் திருகும்போது சுருண்டுவிடும்.

4. கையால் திருகி, வளையம் தட்டில் பட்டதும், அதன் பிறகு டப்பாவில் அச்சிட்டுள்ள அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். பெரும்பாலும் அது முக்கால் சுற்றாக இருக்கும். இறுக்கும் கருவி கழற்றுவதற்குத்தான். மாட்டுவதற்குக் கை போதும். வலு முழுவதையும் காட்டி இறுக்கினால் வளையம் நசுங்கும். அடுத்த முறை கழற்றவும் முடியாது.

5. எண்ணெய் வடிக்கும் திருகாணியின் வாஷரையும் மாற்ற வேண்டும்.

6. எண்ணெய் ஊற்றிய பிறகு இயந்திரத்தை முடுக்கினால், சிவப்பு எண்ணெய் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே இயந்திரத்தை நிறுத்த வேண்டும்.

7. ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, வடிகட்டியைச் சுற்றிக் கசிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்து அளவுகோலில் எண்ணெய் அளவைச் சரிபார்க்க வேண்டும். புதிய வடிகட்டி கொஞ்சம் எண்ணெயை எடுத்துக்கொள்ளும் என்பதால் அளவு சற்று இறங்கியிருக்கும்.

எப்போது மாற்றுவது?

எண்ணெயை மாற்றும் ஒவ்வொரு முறையும் வடிகட்டியையும் மாற்றுவதே நல்லது. ஒரு முறை விட்டு ஒரு முறை மாற்றுவதால் மிஞ்சுவது கொஞ்சப் பணம்தான். பழைய வடிகட்டியில் தங்கியிருக்கும் அழுக்கு எண்ணெய், சிறிய கார்களில்கூடக் கால் லிட்டர் அளவுக்கு இருக்கும். புதிதாக ஊற்றிய எண்ணெய் முதல் நிமிடத்திலேயே அதோடு கலந்துவிடும். அதைவிட முக்கியமாக, ஏற்கெனவே பாதி அடைபட்ட தாள் இரண்டாவது சுற்றின் நடுவில் முழுதாக அடைபட்டால், மாற்றுவழி வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயே ஓடத் தொடங்கும். காரோட்டிக்கு அது தெரியவே வராது. அதற்கென்று எந்த விளக்கும் எரியாது.

கையேட்டில் உள்ள கால அளவையே முதலில் பின்பற்ற வேண்டும். பட்டறைகள் பொதுவாக மினரல் எண்ணெய்க்கு 5,000 கிலோமீட்டர், செமி சிந்தெடிக்கிற்கு 7,000, ஃபுல்லி சிந்தெடிக்கிற்கு 10,000 என்று கணக்கு வைத்துக் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுகின்றன. கிலோமீட்டர் எட்டாவிட்டாலும் குறிப்பிட்ட மாதங்கள் கடந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

கடுமையான பயன்பாடு என்றால் இந்த இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்பதை கார் நிறுவனங்களின் கையேடுகளே சொல்கின்றன. மண் சாலையில் ஓடுவது, நெரிசலில் ஊர்ந்து செல்வது, இயந்திரம் முழுதாகச் சூடேறுவதற்குள் நின்றுவிடும் குறுகிய பயணங்கள், அதிகப் பாரம் ஏற்றுவது ஆகியவை கடுமையான பயன்பாட்டில் சேரும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் போய்வரும் காரும், கோலாலம்பூர் நெரிசலில் தினமும் ஒரு மணிநேரம் நிற்கும் காரும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். மண் பாதையில் ஓடும் கார்களுக்குக் காற்று வடிகட்டியும் அடிக்கடி பார்க்கப்பட வேண்டும். அது கிழிந்திருந்தால், உள்ளே வரும் தூசி முழுவதும் எண்ணெய் வடிகட்டியின் தலையில்தான் விழும்.

பழைய கார் வாங்குவோர், முந்தைய உரிமையாளர் 'இப்போதுதான் மாற்றினேன்' என்று சொன்னாலும் ரசீது இல்லையென்றால் எண்ணெயையும் வடிகட்டியையும் உடனே மாற்றிவிடுவது நல்லது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கையில் உள்ளே தார் போன்ற கறுப்புப் படிவு இருந்தால், அடுத்த மாற்றத்தையும் 3,000 கிலோமீட்டரிலேயே செய்துவிடலாம். படிவு கரைந்து வரவர வடிகட்டி விரைவில் அடைபடும்.

தவறான சில நம்பிக்கைகள்

'எண்ணெய் கறுத்துவிட்டது, ஃபில்டர் வேலை செய்யவில்லை' என்பது சரியல்ல. எண்ணெயைக் கறுப்பாக்கும் கரித்துகள்கள் மிக நுண்ணியவை. எந்தச் சாதாரண வடிகட்டியும் அவற்றைப் பிடிக்காது. அவற்றை எண்ணெயில் மிதக்க வைப்பது எண்ணெயில் கலந்துள்ள இரசாயனத்தின் வேலை. டீசல் இயந்திரத்தில் எண்ணெய் சில நாளிலேயே கறுத்துவிடும்.

'பழைய ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் போடலாம்' என்பது ஆபத்தானது. தாளின் மடிப்புக்குள் சிக்கியுள்ள துகள் கழுவினால் போகாது. பெட்ரோல் ரப்பரையும் பசையையும் கெடுக்கும். மிச்சமிருக்கும் பெட்ரோல் எண்ணெயை நீர்க்கச் செய்யும்.

'விலை கூடிய எண்ணெய் ஊற்றினால் எந்த ஃபில்டரும் போதும்' என்பதும் தவறு. நீண்ட நாள் உழைக்கும் எண்ணெயை ஊற்றும்போது வடிகட்டியும் அத்தனை நாள் தாங்க வேண்டும். 10,000 கிலோமீட்டர் எண்ணெயோடு மட்டரக வடிகட்டியைச் சேர்த்தால் எண்ணெய்க்குக் கொடுத்த பணமும் வீண்தான்.

சாலையில் விளக்கு எரிந்தால்

ஓட்டிக்கொண்டிருக்கும்போது எண்ணெய்க் குவளை வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால், 'அடுத்த டோல் வரை போய்விடலாம்' என்று நினைக்கக்கூடாது. எண்ணெய் அழுத்தம் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் இயந்திரத்திற்குக் கேடு. பாதுகாப்பாக ஓரம் கட்டி, இயந்திரத்தை நிறுத்த வேண்டும். காரின் அடியில் எண்ணெய் ஒழுகினால் மீண்டும் முடுக்கவே கூடாது. சூடான புகைப்போக்கிக் குழாயில் எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பிளஸ் நிறுவனத்தின் உதவி எண் 1800-88-0000. அவசர நிலையில் 999.

பழைய வடிகட்டியை எங்கே போடுவது?

பழைய எண்ணெயும் எண்ணெய் ஊறிய வடிகட்டியும் 2005-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தர (அட்டவணைக் கழிவு) விதிமுறைகளின் கீழ் அட்டவணைக் கழிவுகளாகும். பயன்படுத்திய மசகு எண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்றும், கழிவால் மாசுபட்ட வடிகட்டி, துணி போன்றவை எஸ்டபிள்யூ 410 என்றும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. வீட்டில் மாற்றுவோர் வடிகட்டியைக் கவிழ்த்து வைத்து எண்ணெயை முழுதாக வடித்து, எண்ணெயை மூடியுள்ள டின்னில் ஊற்றி, இரண்டையும் பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையிடம் கொடுத்துவிட வேண்டும். கால்வாயில் ஊற்றுவதோ, புல் கருகட்டும் என்று வேலியோரம் கொட்டுவதோ கூடாது. தோட்டத்துக் கால்வாய் போய்ச் சேரும் ஆறுதான் பல ஊர்களுக்குக் குடிநீர்.

ஏமாற்றப்பட்டால்

போலிப் பொருளை அசல் என்று விற்பது 2011-ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். இது குறித்து உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். இழப்பீடு கோருவோர் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தை நாடலாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த இத்தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோர முடியும். விண்ணப்பக் கட்டணம் 5 ரிங்கிட். பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் பயனீட்டாளரே நேரில் வாதிடும் இடம் இது. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும்.

அங்கே நிற்பதற்குத் தேவைப்படுவது ரசீது, மாட்டிய வடிகட்டியின் படம், முடிந்தால் அந்த வடிகட்டியே. மூன்றையும் எடுத்து வைக்க வேண்டிய நேரம் எண்ணெய் மாற்றும் அன்றைக்கே. இயந்திரம் நின்றுபோன பிறகு இவற்றைத் தேடினால் கிடைப்பது அரிது.